கடலோரத்து விலாசம்

இரும்புக் கேட்டில் டமாரென்று சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்த சவுரியம்மாள் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலுக்கு ஓடினாள்.

வெளியே மழை. ஆட்டோ ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மெர்சி ஒரு தோளில் குழந்தையும் மறு கையில் வீங்கிய பையுமாக நின்று, தாழ்ப்பாளைத் தள்ளக் கையில்லாமல் கேட்டை முழங்காலால் இடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம! மாப்ள எங்க?"

"கேட்ட தொறம்மா மொதல்ல. புள்ள நனையுது."

சவுரியம்மாள் பேத்தியை வாங்கி முந்தானையால் தலையைத் துடைத்தாள். ரோஸ்லினுக்கு இரண்டு வயது முடியவில்லை. பஸ்ஸில் தூங்கி, ஆட்டோவில் விழித்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு முத்துமாரி சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். தோல் மண்டியில் உப்பு உதறும் வேலை அவளுக்கு. மழைநாளென்றால் வேலை கிடையாது.

"இன்னா மெர்சி, நெத்திலி எதுனா எட்துனு வந்தியா?"

"இல்லக்கா."

"ஏன், கடல்ல மீனு தீந்து போச்சா?"

"மீனு கீதுக்கா. நாங்கதான் போவல."

முத்துமாரி சிரித்தாள். மெர்சி சிரிக்கவில்லை. அவள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு முன்னால் கருவாட்டு வாசனைதான் தெருவுக்குள் நுழையும். நாலு வீட்டுக்குப் பங்கு போகும். இந்தமுறை பையில் குழந்தையின் துணிதான் இருந்தது.

உள்ளே வந்து ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மா தட்டில் சோறு போட்டு, மாட்டுக்கறிக் குழம்பை ஊற்றி வைத்தாள். மெர்சி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு விரலால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா எப்ப வருவாரு?"

"ஃபஸ்ட் ஷிப்ட்டுதான். ரெண்டரைக்கு வந்துருவாரு. இன்னா ஆச்சு? மாப்ள கை நீட்டிட்டாரா?"

"அவரு ஏம்மா அடிக்கிறாரு? பத்தொம்போது நாளா எங்க படகு மணல்ல கெடக்குது. ஊர்ல கட்டுப்பாடு போட்டுட்டாங்க. எங்க வூட்டோட யாரும் பேசக்கூடாது, கடையில சாமான் குடுக்கக்கூடாது, படகு தள்ள ஒரு ஆளு கை குடுக்கக்கூடாது. கொழாயில தண்ணி புடிக்கப் போனா எல்லாரும் புடிச்சி முடிச்சப்புறம்தான் நானு."

"இன்னாத்துக்கு?"

"அப்பா கையெழுத்து போட்டதுக்கு."

சவுரியம்மாளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மெர்சியின் அப்பா தானியேலுக்கு வேலை, ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில். உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பில் புரட்டித்தான் தோல் மண்டிக்கு வரும். ஊறப்போட்டுக் கழுவினால் அத்தனை உப்பும் தண்ணீரோடு போகும். சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு நீரெல்லாம் குழாய் வழியே அந்த நிலையத்துக்கு வந்து சேரும். சேறு எடுத்து, மருந்து போட்டு, வடிகட்டி, கடைசியில் மிஞ்சுவதைக் காய்ச்சினால் மிஞ்சுவது மறுபடியும் உப்புதான். பழுப்பு நிறத்தில், நாறும் உப்பு. அதைச் சமையலுக்கும் விற்க முடியாது, மண்ணிலும் கொட்ட முடியாது. கொட்டகைகள் நிறைந்து, தார்ப்பாய்க்குக் கீழே இரண்டாள் உயரத்துக்குக் குன்று குன்றாக நிற்கிறது. அதற்கு ஒரு வழி சொல்லாவிட்டால் நிலையத்தை மூடுவோம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. கரைசலைக் காய்ச்சாமல் அப்படியே குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்பது நிர்வாகம் கண்ட வழி.

ஆனால் கடலில் நினைத்த இடத்தில் குழாயை இறக்கிவிட முடியாது. அரசாங்கம் கடலைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தது. இது கப்பல் போகும் பாதை, இது காற்றாலை நடும் இடம், இது மீன்பிடிக்கிற இடம், இது ஆமை முட்டையிடும் கரை என்று வரைபடத்தில் வண்ணம் அடித்துக்கொண்டே வந்தார்கள். கடல்வெளித் திட்டம் என்று அதற்குப் பெயர். வண்ணம் அடிப்பதற்கு முன் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்ட ஊர்களில் ஒன்று, மெர்சி வாழ்க்கைப்பட்ட ஒத்தப்பனைக் குப்பம்.

அந்தக் கூட்டத்துக்கு நிலையத்திலிருந்து மூன்று பஸ் போனது. ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். தானியேலும் போனார்.

இரண்டே முக்காலுக்குத் தானியேல் வந்தார். வாசல் குழாயில் காலைக் கழுவியவர் பேத்தியின் குரலைக் கேட்டதும் ஈரக்காலோடு உள்ளே வந்துவிட்டார்.

"ஏ ரோஸ்லினு! தாத்தாவ பாக்க வந்தியா?"

குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்தது. உப்புக் கரித்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"குழா வரலாம்னு கையெழுத்து போட்டியாப்பா?"

"ஆமா. பஸ்ல வந்த அத்தினி பேரும்தான் போட்டோம்."

"அவங்க எல்லாம் ஆம்பூர் விலாசம் போட்டாங்க. நீ இன்னா விலாசம் போட்ட?"

தானியேல் குழந்தையைக் கீழே இறக்கினார். அவருக்கு நினைவு வந்தது. பந்தலுக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆள், "கடலோரத்துல யாருக்காச்சும் வீடு வாசல் இருக்கா?" என்று கேட்டான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தவர்கள். காலை நனைத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். தானியேல் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குக் கீது. என் பொண்ண இந்த ஊர்லதான் குடுத்திருக்கேன்" என்றார். "அட, நம்ம தானியேலு கடக்கரைக்காரன்டா!" என்று கிண்டல் எழுந்தது. அந்தப் பெருமையில் கதவு எண் மூன்றின் கீழ் நாற்பத்தொன்று என்பதைத் தன் கையாலேயே எழுதினார். மகளுக்குப் பொங்கல்சீர் பார்சல் அனுப்பி அனுப்பி மனப்பாடமான விலாசம்.

"உன் விலாசம்தான் போட்டேன். தப்பா?"

"இருநூத்திப் பதினாலு வூடுப்பா எங்க ஊர்ல. அத்தினி வூடும் குழா வேணாம்னு எழுதிக் குடுத்தாங்க. நாங்களும் குடுத்தோம். ஊரு மொத்தமும் ஒரே பேச்சா நின்னா அந்த எடத்த மீன்பிடிக்குன்னே ஒதுக்கிடுவாங்க. இப்ப லிஸ்ட்டு ஒட்டியிருக்காங்க. அதுல வேணும்னு ஒரே ஒரு வூடு. மூணு பை நாப்பத்தொண்ணு, தானியேலு. ஊருக்குள்ள ரெண்டு கருத்து கீது, அதனால குழாய்க்குக் குடுக்கலாம்னு அடியில எழுதியிருக்கான்."

"நான் ஒரு ஆளு போட்டதுக்கா?"

"ஒரு ஆளுதான்பா வேணும் அவனுங்களுக்கு."

சவுரியம்மாள் குறுக்கே வந்தாள். "இன்னா மனுஷன்யா நீ? பொண்ணு வூட்டு விலாசத்த குடுக்கறதுக்கு முன்ன பொண்ண ஒரு வார்த்த கேட்டியா?"

"நான் இன்னா சொத்தயா எழுதிக் குடுத்தேன்? கடல்ல இல்லாத உப்பா சவுரி? நாம தோலுக்குப் போடற உப்பே கடக்கரையில இருந்து லாரில வர்றதுதான். வந்த எடத்துக்கே திரும்பிப் போவுதுன்னு நெனச்சேன்."

மெர்சி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போறது உப்பு மட்டுமாப்பா? முப்பத்தொரு வருஷமா அதுல நிக்கிற, உனக்குத் தெரியாதா? குழாயோட வாயி எங்க வருது தெரியுமா? கூம்புப் பார்ல. கடலுக்கடியில கெடக்கற பாறைய நாங்க பாருன்னுவோம். மீனு ஒதுங்கறது, குஞ்சு பொரிக்கிறது எல்லாம் அங்கதான். எங்க மாமனாரு சாவறவரைக்கும் அங்கதான் வலை போட்டாரு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"அன்னிக்கு சாயந்திரம் எங்க வூட்டுக்கு வந்து நண்டுக் கொழம்பு சாப்ட்டியே. மூணு வாட்டி வாங்கிச் சாப்ட்ட. அப்ப ஒரு வார்த்த சொல்லல நீ."

"மறைக்கலடி. சத்தியமா எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல."

அதுதான் மெர்சிக்குச் சுருக்கென்று பட்டது. மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். தெருவில் சாக்கடையோடு ஓடும் மழைத்தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப நம்ம தெருக் கெணத்துல நொர வந்துச்சே, ஞாபகம் கீதா? ஒரு வாரம் நீ ஒவ்வொரு ஆபீஸா அலைஞ்ச. எவன்டா கையெழுத்து போட்டான் இதுக்குன்னு கேட்டுக்கினே இருந்த."

தானியேல் சுவரோரமாக உட்கார்ந்து, உப்பில் வெடித்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இன்னா செய்யணும்? மனசு மாறிட்டேன்னு எழுதிக் குடுத்துட்றேன். அவ்ளோதானே?"

"அதுக்கு நாளு முடிஞ்சி போச்சு. அவரு ஃபோன் பண்ணிக் கேட்டாரு. கருத்த மாத்த முடியாதாம். பொய் விலாசம்னு தெரிஞ்சா மட்டும் பேர அடிப்பாங்களாம். அப்டித்தான் மனு குடுத்திருக்கேன். நீ இந்தப் பக்கத்து ஆளுன்னு வெள்ளிக்கெழம வேலூர்ல விசாரணை வச்சிருக்காங்க. கையெழுத்து போட்டவரும் வரணும், அந்த வூட்டு ரேஷன் கார்டுல குடும்பத் தலைவியா யாரு கீறாங்களோ அவங்களும் வரணும். எங்க மாமியார் போனப்புறம் கார்டுல நான்தான் தலைவி."

"சரி, பொய் விலாசம்னு சொல்லிட்டாப் போச்சு. நான் அங்க இல்லியே. இங்கதானே கீறேன்?"

மெர்சி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். படிவத்தின் நகல். கீழே அவருடைய கையெழுத்து, நிதானமாக, அழகாக. அதற்கு மேலே அச்சடித்த ஒரு வரி. அவர் அன்று படிக்காத வரி.

'நானோ என் குடும்பத்தாரோ மேற்கண்ட முகவரியில் வசிக்கிறோம்.'

"குடும்பத்தாருன்னு போட்டிருக்கான்பா. நான் அங்க கீறவரைக்கும் நீ எழுதினது நெசம்தான். பொய்யின்னு ஆவணும்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவுமில்லை. சவுரியம்மாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நிலையத்தில் விசில் அடித்தார்கள். மழை என்றால் மற்ற இடங்களில் வேலை நிற்கும். இங்கே அப்போதுதான் ஓட்டம். உப்புக் குன்றின்மேல் துளி விழுந்தால் கரைந்து ஆற்றுப் பக்கம் ஓடும். ஓடினால் அடுத்த நோட்டீஸ். எட்டுப் பேர் தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினார்கள். ரப்பர் பூட்ஸ் உப்புக்குள் நறநறவென்று இறங்கியது. காற்று தார்ப்பாயை வாங்கித் தூக்கியது. தானியேல் ஒரு மூலையில் மணல்மூட்டையைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் வழிந்த மழை வாய்க்குள் போகும்போது கரித்தது.

கயிற்றைக் கட்டி முடித்து இறங்கியதும் சூப்பர்வைசர் கலீமுல்லா அவரைப் பம்ப் ரூமுக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் இருபது வருடத் தோஸ்த். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கலீமுல்லா பைப்பின்மேல் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழம லீவு எழுதியிருக்க."

"ஆமா பாய்."

"எங்க போறன்னு எனக்குத் தெரியும். நிர்வாகத்து சார்பா நான்தான் அங்க வந்து உக்காரப் போறேன்."

தானியேல் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "மெர்சி வந்திருக்கா பாய். வூட்ட ஒதுக்கி வச்சிட்டாங்களாம்."

"கேள்விப்பட்டேன். பேஜாருதான். ஆனா யோசிச்சுப் பாரு. குழா இல்லன்னா இத மூடுவான். இத மூடினா ஷாப்பு ஓடாது. ஷாப்பு ஓடலன்னா உன் தெருவுல எத்தினி வூட்ல அடுப்பு எரியும்? முத்துமாரி இன்னா பண்ணும்? என் ரெண்டு மருமகனும் ஷூ கம்பெனிலதான் கீறானுங்க. அந்தக் கடக்கரை பூரா தேடினாலும் நமக்குன்னு நிக்கிறது உன் ஒரு பேருதான்."

"அதான் பாய் தொந்தரவே."

"பொய் விலாசம் குடுத்தேன்னு நீயே ஒத்துக்கினா வேலை போவும். ஒன்றரை வருஷம்தான் கீது உனக்கு ரிட்டயர் ஆவ. கேஸும் போடலாம்."

"போட்டும்."

"இன்னாடா இவ்ளோ சுளுவா சொல்ற?"

"பாய், நீங்க மெர்சி கல்யாணத்துக்கு வந்தீங்க. அந்தப் பையன் தடைக்காலத்துல படகு ஓடாம, இங்க ஷூ கம்பெனில ரெண்டு மாசம் ஒட்டறதுக்கு வந்தவன். கடல் புள்ளைக்கு நம்ம புள்ளைய எப்படிக் குடுக்கறதுன்னு சவுரி அழுதா. நீங்கதான் சொன்னீங்க, குடுடா, நம்மள மாதிரி ஷாப்பு உப்புத் தண்ணி குடிக்காத ஊர்லயாவது உன் பொண்ணு இருக்கட்டும்னு."

கலீமுல்லா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். ஒருமுறை துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"வாயப் பாரு, நான் சொன்னதெல்லாம் எனக்கே திருப்புறான். டீ ஆறுது, குடி."

மழை பம்ப் ரூமின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தானியேலும் எடுக்கவில்லை. இரண்டாவது பம்ப்பில் வாசர் போய்விட்டது என்று யாரோ கத்த, இருவரும் எழுந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சவுரியம்மாள் புருஷனை எதிரே உட்கார வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக் கொடுத்தாள்.

"'அந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லீங்க. அந்த வூடு யாருதுன்னே தெரியாது. யாரோ ஒரு நம்பர சொன்னாங்க, எழுதிட்டேன்.' சொல்லு."

"அந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லீங்க. அந்த வூடு யாருதுன்னே தெரியாது."

"நல்லாத்தானே சொல்ற. அப்டியே சொல்லிட்டு வா."

மெர்சி தலையைப் பின்னிக்கொண்டே வந்து நின்றாள்.

"என் மூஞ்சப் பாத்து சொல்லுப்பா. அங்க நான் பக்கத்துலதான் நிப்பேன்."

தானியேல் அவளைப் பார்த்தார். "அந்த ஊர்ல..." என்று தொடங்கினார். பிறகு எழுந்து, சட்டைக்கு இஸ்திரி போடவில்லையே என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"புள்ளைய இங்கயே வுட்டுட்டுப் போ" என்றாள் சவுரியம்மாள். "அங்க வந்து தாத்தான்னு கூப்ட்டு வச்சிருச்சின்னா எல்லாம் போச்சு."

"அது எல்லாக் கெழவனையும் தாத்தான்னுதாம்மா கூப்புடுது. நேத்து பால்காரன கூப்ட்டுச்சி."

"அந்தாளுக்கு முப்பது வயசுகூட இல்லியேடி."

"அதான் அவன் மூஞ்சி செத்துப்போச்சி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மெர்சி விஷயத்தைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருந்த சவுரியம்மாள் சட்டென்று மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மெர்சி அம்மாவின் முதுகைத் தட்டினாள்.

"அழாதம்மா. பேரு போயிடுச்சின்னா நாளைக்கே படகு எறங்கும். கட்டுப்பாடு போட்ட ஊர்த் தலைவரு, பெரிய நாட்டாரே வாக்கு குடுத்திருக்காரு. கொஞ்ச நாளு கழிச்சு எல்லாம் அடங்கிடும்."

"அடங்கினப்புறம் உங்க அப்பா அந்த ஊருக்கு வரலாமா?"

மெர்சி கைப்பையில் தன் கார்டுகளைச் சரிபார்த்தாள். ஆதாரில் இன்னாசி மனைவி மெர்சி என்று இருந்தது. ரேஷன் கார்டிலும் அவன் பெயர்தான். எந்தத் தாளிலும் தானியேல் என்ற பெயர் இல்லை. அது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

விசாரணை நடந்தது வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையில் பெரிய திரை கட்டிக் கடலின் வரைபடத்தைப் போட்டிருந்தார்கள். கரை ஒரு கோடு. கோட்டுக்குக் கிழக்கே நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று கட்டம் கட்டமாக வண்ணங்கள். மெர்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் ஊருக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். அங்கே கூம்புப் பார் என்று எழுதியிருக்கவில்லை. ஒரு கட்டமும் நாற்பத்தேழு என்ற எண்ணும்தான் இருந்தன. அந்தக் கட்டத்துக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை.

"இவ்ளோதானா?" என்று பக்கத்தில் வந்து கேட்டார் தானியேல்.

"இவ்ளோதான். படகுல போனா ஒரு மணி நேரம்."

"மாப்ள கரையத் திரும்பிப் பாத்துக்கினே எடத்த கண்டுபுடிப்பாருன்னு சொல்வியே?"

"ஆமா. பனமரமும் கோயில் சிலுவையும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து நின்னுச்சின்னா அந்த எடம். எட்டப் போப்பா. யாராச்சும் பாக்கப் போறாங்க."

அவர் நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். முன்வரிசையில் நிர்வாகத்து ஆட்களுக்கான இடத்தில் கலீமுல்லா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பெயர் கூப்பிட மதியம் ஆகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் பெயர் பாரதி. முப்பத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. இரண்டு பேரின் கார்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

"பெரியவரே, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க மேடம்."

"முகவரியையும் நீங்களே எழுதியிருக்கீங்க. கதவு எண், பின்கோடு எல்லாம் சரியா இருக்கு. இப்ப இது தப்பான முகவரின்னு மனு வந்திருக்கு. யோசிச்சுப் பதில் சொல்லுங்க. தப்புன்னா இந்தப் பேரை நீக்கிடுவேன், ஆனா பொய்த் தகவல் கொடுத்ததா உங்க மேல நடவடிக்கை வரும். சரின்னா பேர் அப்படியே இருக்கும். புரியுதுங்களா?"

"புரியுதுங்க."

"இந்த வீட்டில் உங்க குடும்பத்தைச் சேர்ந்தவங்க யாராவது இருக்காங்களா?"

தானியேல் வாயைத் திறந்தார். காலையில் அத்தனை தடவை சொன்ன சொற்கள்தான். அந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லீங்க. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் மெர்சி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் அவளுடைய பின்னலின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பெரியவரே?"

"மேடம்... நான்... தண்ணி கொஞ்சம்..."

உதவியாளர் பாட்டிலைக் கொடுத்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. குடித்து முடித்து, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பாரதிக்கு ஏதோ பொறி தட்டியது. மனு கொடுத்த மெர்சியையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"நிறுவனத்துத் தரப்பில் யார் வந்திருக்கீங்க?"

கலீமுல்லா எழுந்தார்.

"இவர் உங்ககிட்ட வேலை பார்க்கிறவர்தானே? எத்தனை வருஷமாத் தெரியும்?"

"இருவது வருஷம் மேடம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கடலோர முகவரியில் இவருக்கு உறவு யாராவது உண்டா? நீங்க உண்டுன்னு சொன்னா விசாரணையை இப்பவே முடிச்சிடலாம்."

பக்கத்திலிருந்த நிர்வாகத்து வக்கீல் கலீமுல்லாவின் கையை லேசாகத் தொட்டார். கலீமுல்லா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பிளாண்ட்ல அவர நல்லாத் தெரியும் மேடம். தார்ப்பா கட்றதுல அவர மிஞ்ச ஆளு கெடையாது. வூட்டு விஷயம் எல்லாம்... எனக்குத் தெரியாதுங்க."

வக்கீல் கையை எடுத்துக்கொண்டார். கலீமுல்லா உட்கார்ந்துவிட்டார். தானியேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்தபடி, மேசைமேல் விரித்திருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளின் ஓரத்தில் விழுந்தது. அவசரமாக அதைப் புறங்கையால் ஒற்றினார்.

பாரதி பேனாவை எடுத்து, எழுதாமல் வைத்துக்கொண்டார். இந்தமுறை மெர்சியைப் பார்த்துக் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. காலையில் ரெண்டு பேரும் சேர்ந்து வாசல்ல வந்ததை நான் பார்த்தேன். உங்க பையைக்கூட இவர்தான் வெச்சிருந்தார். இவர் உங்களுக்கு யாரு?"

மெர்சி எழுந்து நின்றாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். புதிதாக ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல், அவ்வளவு நேரம் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"யாருன்னு தெரியாதுங்க. வண்டி வேகமா வந்துக்கினு இருந்துச்சி, நான் பயந்து நின்னேன். பைய வாங்கிக்கினு, கையப் புடிச்சி ரோட்ட தாண்டி வுட்டாரு, அவ்ளோதான்."